டிராக்கர் மாட்டினா கார் திருடு போகாதா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். வேளச்சேரியில் வாடகை வீடு. கீழே பார்க்கிங் கிடையாது, கார் ராத்திரி முழுக்க ரோட்டில்தான் நிற்கும். செகண்ட் ஹேண்டில் ஒரு ஹேட்ச்பேக் வாங்கி ஆறு மாசம் ஆச்சு, லோன் ஓடிக்கிட்டு இருக்கு. கேள்வி ரொம்பச் சின்னது: "ஒரு ஜி.பி.எஸ். டிராக்கர் மாட்டிட்டா போதும்ல ப்ரோ? எது வாங்கலாம்னு மட்டும் சொல்லுங்க."

எது வாங்கலாம்னு கடைசியில் வருவோம். முதல்ல அந்த "போதும்ல"-க்குப் பதில் சொல்லணும். போதாது. டிராக்கர் வேலை செய்ய ஆரம்பிப்பதே கார் திருடு போன பிறகுதான். கார் எங்க இருக்குன்னு அது சொல்லும். கிளம்பாம நிறுத்தாது. இந்த ரெண்டும் தனித்தனி வேலை. கடைக்காரர் ரெண்டையும் "செக்யூரிட்டி"ன்னு ஒரே பேர்ல விற்கிறதால நமக்குக் குழம்பிடுது.

அதனால, என்ன மாட்டலாம்னு யோசிக்கறதுக்கு முன்னாடி, உங்க காரை ஒருத்தன் எப்படி எடுத்துக்கிட்டுப் போவான்னு யோசிங்க. அதுக்கு உங்க கையில் இருக்கிற சாவியைப் பார்த்தாலே போதும்.

சாவி வெறும் இரும்பா? பழைய மாருதி 800, ஆம்னி மாதிரி வண்டிகள் இந்த ரகம். பூட்டைத் திருப்பினால் என்ஜின் ஸ்டார்ட் ஆகும், உள்ளே இருப்பது சரியான சாவியா, ஸ்க்ரூ டிரைவரா என்று கார் கேட்காது. இது ஏதோ பழைய காலத்துக் கதைன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவில் கியா, ஹூண்டாய் விற்ற பல மாடல்களில் 2021 வரைக்கும் இம்மொபிலைசர் கிடையாது. சாவியில் இருக்கிற சிப்பை அடையாளம் தெரிஞ்சாதான் என்ஜினை ஓட விடும் அமைப்புக்குப் பேர்தான் இம்மொபிலைசர். அங்கே அதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. பிரிட்டன், ஜெர்மனியில் 1998-லிருந்தே புது கார்களுக்குக் கட்டாயம். விளைவு, ஸ்டியரிங் பக்கத்து மூடியை உடைச்சு, போன் சார்ஜ் பண்ற யு.எஸ்.பி. கேபிளோட முனையை வச்சுத் திருப்பி காரை எடுத்துக்கிட்டுப் போனாங்க. எடுத்தவங்களில் பலர் டீன் ஏஜ் பசங்க, டிக்டாக்கில் பார்த்துக் கத்துக்கிட்டவங்க. கம்பெனிகள் 2023-ல் சாஃப்ட்வேர் அப்டேட்டும், ஸ்டியரிங் லாக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த ரெண்டாவது பொருளைக் கவனிங்க. இவ்வளவு பெரிய கம்பெனி கடைசியில் வந்து நின்ற இடம், ஸ்டியரிங்கில் மாட்டுற ஒரு இரும்புத் தடி.

சாவியில் சிப் இருக்கா? இன்னைக்கு நம்ம ஊரில் ஓடுற கார்களில் பெரும்பாலானவை இந்த வகை. இங்கே திருடன் கண்ணாடியை உடைச்சு உள்ளே வந்து, டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற ஓ.பி.டி. போர்ட்டைத் தேடுவான். சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பைச் செருகுவாங்களே, அதே போர்ட். சாவி தொலைஞ்சவங்களுக்குப் புதுச் சாவி எழுதிக் கொடுக்கிற கருவி சந்தையில் இருக்கு. அதே கருவியை வச்சு, அவன் கொண்டு வந்த சாவியை உங்க காருக்கு "இதுவும் உன் சாவிதான்"னு அறிமுகம் செய்துவிடுவான். கார் நம்பிடும்.

மூணாவது, பாக்கெட்ல சாவியை வச்சுக்கிட்டு பட்டனை அமுக்கினா ஸ்டார்ட் ஆகிற வகை. வசதிதான். ஆனா சாவி பக்கத்தில் இருக்குன்னு கார் எதை வச்சு முடிவு பண்ணுது? சிக்னல் வந்து சேர்ந்ததை வச்சு. அந்தச் சிக்னலை ரெண்டு பேர் சேர்ந்து கடத்தலாம். ஒருத்தன் உங்க வீட்டு வாசல்ல ஒரு ஆன்டெனாவோட, இன்னொருத்தன் கார் கிட்ட. சாவி உங்க ஷூ ரேக் மேலதான் இருக்கும், ஆனா கைப்பிடிக்குப் பக்கத்துலயே இருக்குன்னு கார் நினைச்சுக்கும். இதை ரிலே அட்டாக்னு சொல்றாங்க. சுவிட்சர்லாந்தின் இ.டி.எச். சூரிக் ஆய்வாளர்கள் 8 கம்பெனிகளின் 10 மாடல்களில் இதைச் செய்து பார்த்து 2011-லேயே கட்டுரை வெளியிட்டாங்க. பத்தும் திறந்துக்கிச்சு. சிப்பை ஹேக் பண்ணவில்லை, கோடு எதையும் உடைக்கவில்லை. சிக்னலை நீட்டினாங்க, அவ்வளவுதான்.

இதிலும் அடுத்த கட்டம் ஒண்ணு உண்டு. 2022-ல் லண்டனில் இயன் டேபர் என்பவரின் டொயோட்டா ரேவ்-4 திருடு போச்சு. அவர் யார்னு பார்த்தா, கார்களின் சைபர் பாதுகாப்பை ஆராய்கிறதே அவர் தொழில்! திருடு போறதுக்குச் சில நாள் முன்னாடி ஹெட்லைட் பக்கம் பம்பர் இழுக்கப்பட்டு, ஒயர் தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. யாரோ போற போக்குல சேதம் பண்ணிட்டாங்கன்னு நினைச்சிருக்கார். அப்புறம் தோண்டிப் பார்த்தால், ஹெட்லைட்டுக்குப் போகிற ஒயர் வழியா காரோட உள் நெட்வொர்க்குக்குள் நுழைஞ்சு, "சரியான சாவி வந்தாச்சு"ன்னு பொய்ச் செய்தி அனுப்புற கருவி ஒண்ணு கள்ளச் சந்தையில் விற்பனையில் இருக்கு. பார்க்க ஜே.பி.எல். புளூடூத் ஸ்பீக்கர் மாதிரி இருக்கும். போலீஸ் நிறுத்தினாலும் பாட்டுப் பெட்டின்னு சொல்லிடலாம்.

பயமுறுத்த இதைச் சொல்லல. காரின் சொந்த எலக்ட்ரானிக்ஸை ஏமாத்துற எவனும், அந்த எலக்ட்ரானிக்ஸோட தொடர்பே இல்லாத ஒரு தடையைச் சாஃப்ட்வேரால் தாண்ட முடியாது. நம்ம பேச்சுக்கே இதுதான் அடிப்படை.

தடுக்கிற சாமான்

அந்த வேளச்சேரி நண்பருக்கு முதல் செலவா நான் சொல்றது, வெளியிலிருந்து பார்த்தாலே தெரியுற ஸ்டியரிங் லாக். இல்லன்னா கியர் லாக். ஜி.பி. ரோட்டில் நடந்தா ரெண்டும் எந்தக் கடையிலும் கிடைக்கும். இதை உடைக்க முடியாதான்னா, முடியும். கிரைண்டர் இருந்தா சில நிமிஷம். ஆனா தெருவில் வரிசையா நாலு கார் நிற்கும்போது, ராத்திரி மூணு மணிக்குக் கிரைண்டர் சத்தம் போடுற வேலையை எவனும் விரும்ப மாட்டான். பக்கத்துக் காருக்குப் போவான். கேட்க நல்லா இல்ல, ஆனா பூட்டோட வேலையே பாதி அதுதான்.

ரெண்டாவது, மறைவான கட்-ஆஃப் சுவிட்ச். ஸ்டார்டர் மோட்டாருக்குப் போற லைனில் நடுவுல ஒரு சுவிட்ச். சீட்டுக்கு அடியிலோ, உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச இடத்திலோ இருக்கும். புதுச் சாவி எழுதியிருந்தாலும், சிக்னல் கடத்தியிருந்தாலும் என்ஜின் சுத்தாது. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு இது அரை நாள் வேலைகூட இல்லை. ரெண்டு எச்சரிக்கை மட்டும். வாரன்ட்டியில் இருக்கிற காரில் ஒயரை வெட்டி ஒட்டினால், நாளைக்கு எலக்ட்ரிகல் கோளாறு வரும்போது கம்பெனி அதைக் காரணம் காட்டும். "ஒயரைக் கட் பண்ணாம, கப்ளர் வச்சு மாட்டுவீங்களா?" என்று முதலிலேயே கேளுங்க. அப்புறம், ஃப்யூயல் பம்ப் லைனில் சுவிட்ச் போடலாம் என்று சிலர் சொல்வாங்க. நான் ஸ்டார்டர் லைன் பக்கம்தான். ஓடுற வண்டியில் ஒரு ஒயர் லூஸானா, ஓ.எம்.ஆரில் நடு லேனில் என்ஜின் ஆஃப் ஆகி நிற்கிற நிலை வரக் கூடாது. ஸ்டார்டர் லைன் அறுந்தா வண்டி ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான்.

பட்டன் ஸ்டார்ட் கார் வச்சிருக்கிறவங்க, சாவியை வாசல் பக்கம் வைக்காதீங்க. சிக்னலை மறைக்கிற பை கிடைக்குது, ஃபாரடே பௌச்னு கேட்டா தருவாங்க. வாங்கினதும் சாவியை அதுக்குள்ள போட்டுக்கிட்டு கார் பக்கத்துல போய்க் கதவைத் திறந்து பாருங்க. திறந்தா பை வேஸ்ட், திருப்பிக் கொடுத்துடுங்க. ரெண்டாவது சாவியையும் பையில் போடணும். பல பேர் தினம் எடுக்கிற சாவியை மட்டும் பத்திரமா வச்சுட்டு, ஸ்பேரை ஜன்னலோர டிராயரில் விட்டுடறாங்க.

அலாரம் பத்தி ஒரு வரி. நம்ம தெருவில் அலாரம் அடிச்சா யாராவது எட்டிப் பார்க்கிறாங்களா? பூனை ஏறினாலே அடிக்கிற பொருளை நான் கணக்கில் எடுத்துக்கறதில்லை.

டிராக்கர்

தடுப்பு தோற்றுப் போகலாம். டோ பண்ற லாரியில் அப்படியே தூக்கி வச்சுக்கிட்டுப் போனா, கட்-ஆஃப் சுவிட்சும் ஸ்டியரிங் லாக்கும் என்ன பண்ணும்? அங்கேதான் டிராக்கர் நிஜமா உதவும். வாங்கறதுக்கு முன்னாடி அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கணும். சாட்டிலைட்டிடமிருந்து தான் நிற்கிற இடத்தைக் கணக்குப் போட்டு, உள்ளே இருக்கிற சிம் வழியா சர்வருக்கு அனுப்பும். நீங்க ஆப்பில் பார்க்கறது அந்தச் சர்வரை. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மேப்பில் கார் கடைசியா இருந்த இடத்திலேயே உறைஞ்சு நிற்கும்.

ரொம்ப சாதாரணமா அறுந்து போற கண்ணி, சிம் ரீசார்ஜ். முதல் வருஷம் பெட்டியோட சேர்ந்தே வரும். ரெண்டாவது வருஷம் ஞாபகமே இருக்காது. புது கார்களில் கம்பெனியே கொடுக்கிற கனெக்டட் ஆப்பும் இதே கதைதான், இலவசக் காலம் முடிஞ்சதும் சந்தா கட்டணும். போன்ல வருஷாந்திர ரிமைண்டர் போட்டுக்கோங்க.

அடுத்தது மாட்டுற இடம். ஓ.பி.டி. போர்ட்டில் அப்படியே செருகுற டிராக்கர் ரொம்ப ஈஸி, மெக்கானிக்கே வேண்டாம். அவ்வளவே ஈஸியா திருடனும் பிடுங்குவான். அந்தப் போர்ட்டைத்தான் அவன் முதல்ல தேடுவான்னு இப்பத்தானே பேசினோம்! ஒயரில் இணைச்சு, டேஷ்போர்டுக்கு உள்ளே ஆழமா, உள் பேட்டரியோட இருக்கிற மாடல்தான் உருப்படி. காரோட பேட்டரியைக் கழட்டினாலும் கொஞ்ச நேரம் உயிரோட இருந்து, "பவர் போச்சு"ன்னு உங்களுக்குச் செய்தி அனுப்பும். 4ஜி இருக்கான்னும் கேளுங்க. 2ஜி-யில் மட்டும் ஓடுற பழைய ஸ்டாக் இன்னும் விலை மலிவா கிடைக்குது, ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது.

மலிவு என்றதும் ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். மைகோடஸ் எம்.வி.720 என்று ஒரு டிராக்கர். 20 டாலர் மாதிரி விலை, உலகம் முழுக்க விற்றது. 2022 ஜூலையில் பிட்சைட் என்ற நிறுவனம் அதில் ஆறு ஓட்டைகளைக் கண்டுபிடிச்சு வெளியிட்டது, அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பும் எச்சரிக்கை விட்டது. அந்தக் கம்பெனி கருவிகள் 169 நாடுகளில் 15 லட்சம் போல இயங்கிக்கிட்டு இருந்ததாகக் கணக்கு. எல்லாக் கருவிக்கும் ஒரே டீஃபால்ட் பாஸ்வேர்டு, 123456. அந்த டிராக்கருக்கு ஃப்யூயலைத் தூரத்திலிருந்தே கட் பண்ற வசதியும் உண்டு. அதாவது, திருடனிடமிருந்து காப்பாற்ற நீங்க மாட்டின பெட்டி வழியா, யாரோ ஒருத்தர் உங்க கார் எப்போ எங்க நிற்குதுன்னு பார்க்கலாம், ஓடும்போது நிறுத்தவும் முயற்சி பண்ணலாம். டிராக்கர் வாங்கினா முதல் வேலை பாஸ்வேர்டு மாத்துறது. மாத்தவே விடாத ஆப்பா இருந்தா, அந்தப் பொருளே வேண்டாம். ஓடும் வண்டியை ஆப்பில் நிறுத்தும் வசதியை நான் எந்தக் காரிலும் மாட்டச் சொல்ல மாட்டேன். கார் நின்ன பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆக விடாத அளவுக்கு இருந்தா போதும்.

ஏர்டேக் போடலாமான்னு நிறைய பேர் கேட்கறீங்க. 2021-ல் வந்தபோது இந்தியாவில் 3,190 ரூபாய், மாசச் சந்தா கிடையாது, ஆசை வரத்தான் செய்யும். ஆனா அதில் ஜி.பி.எஸ்ஸும் இல்ல, சிம்மும் இல்ல. பக்கத்துல போற ஐபோன்கள் அதோட புளூடூத்தைக் கேட்டு இடத்தைச் சொல்லும். தி. நகரில் நல்லா வேலை செய்யும், ஆளில்லாத ஒரு குடோனில் செய்யாது. இன்னொரு சிக்கல், ஒருத்தரை அவருக்குத் தெரியாம பின்தொடரக் கூடாதுன்னு அது வடிவமைக்கப்பட்டிருக்கு. "உங்களோட ஒரு டேக் நகருது"ன்னு கூட இருக்கிற போனுக்கே எச்சரிக்கை போகும். 2024 மே மாசத்திலிருந்து ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டிலும். திருடன் போனுக்கும்தான் போகும். அதைக் குறையாவும் சொல்ல முடியாது, அந்த எச்சரிக்கை யாரோ ஒரு பொண்ணோட உயிரைக் காப்பாத்தற விஷயம். ரெண்டாவது ஆளா, மெயின் டிராக்கரைப் பிடுங்கிட்டா இருக்கட்டும்னு போடுங்க. அதை மட்டுமே நம்பாதீங்க.

இங்கே ஒரு நிமிஷம் நிற்கணும். கார் டிராக்கர் காரை மட்டும் பார்க்காது, ஓட்டுறவங்களையும் பார்க்கும். தங்கச்சி எடுத்துக்கிட்டுப் போற வண்டி, மனைவி ஆபீஸுக்கு ஓட்டுற வண்டின்னா, அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் மாட்டணும், அதே லாகின் அவங்க போன்லயும் இருக்கணும். "பாதுகாப்புக்குத்தான்"னு சொல்லிட்டு "மூணு மணிக்கு பெசன்ட் நகர்ல என்ன வேலை?"ன்னு கேட்கிற வீடுகள் இருக்கு. அப்படி ஒரு வீடா உங்க வீடு மாறப் போகுதுன்னா, ஸ்டியரிங் லாக்கோட நிறுத்திக்கோங்க.

பழைய கார், பழைய சாவி

நம்ம நேயர் வாங்கினது செகண்ட் ஹேண்ட். அவர் கேட்காத கேள்விதான் இங்க முக்கியம். விற்றவர் எத்தனை சாவி கொடுத்தார்? ஒண்ணுதான்னா, இன்னொண்ணு எங்கே? காரை விற்கறதுக்கு முன்னாடி டிராக்கரை ஒளிச்சு வச்சு, டூப்ளிகேட் சாவியைக் கையில் வச்சுக்கிட்டு, புது ஓனர் வீட்டு வாசல்லேர்ந்தே திரும்ப எடுத்துக்கிட்டுப் போன கும்பல்கள் நம்ம நாட்டில் பிடிபட்டிருக்காங்க. சர்வீஸ் சென்டரில் சொல்லி, இம்மொபிலைசரில் பதிவான சாவிகளை அழிச்சுட்டு, உங்க கையில் இருக்கிறதை மட்டும் மறுபடி பதியச் சொல்லுங்க. தொலைஞ்ச சாவி வெறும் இரும்பாயிடும். கனெக்டட் ஆப் இருக்கிற கார்னா, பழைய ஓனரின் அக்கவுன்ட்டையும் நீக்கணும். ஐ.பி.எம்-மில் பாதுகாப்பு ஆய்வாளரா இருந்த சார்ல்ஸ் ஹெண்டர்சன் 2017-ல் இதைப் பொது மேடையில் சொன்னார்: தன்னோட காரை விற்றுப் பல வருஷம் ஆன பிறகும், அவர் போன் ஆப்பில் அந்தக் கார் எங்க இருக்குன்னு தெரிஞ்சுதாம், கதவையும் திறக்க முடிஞ்சுதாம்.

பேப்பர்

இனி காசு. டிராக்கர் வச்சா இன்சூரன்ஸ் பிரீமியம் நல்லா குறையும்னு விற்பனையாளர் சொன்னா, சிரிச்சுக்கோங்க. ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகாரம் உள்ள திருட்டுத் தடுப்புக் கருவிக்கு இந்திய மோட்டார் டாரிஃப் வச்ச சலுகை, ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய்.

இதைவிட முக்கியமானது, திருட்டுக்கு உங்களுக்குக் காப்பீடு இருக்கான்னு பார்க்கறது. தேர்ட் பார்ட்டி பாலிசியில் திருட்டு வராது, ஓன் டேமேஜில்தான் வரும். 2018 செப்டம்பரிலிருந்து புது காருக்கு தேர்ட் பார்ட்டியை மூணு வருஷத்துக்குச் சேர்த்து எடுக்கணும். ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருஷம்தான். பாலிசியில் மூணு வருஷத் தேதியைப் பார்த்துட்டு, "இன்சூரன்ஸ் இருக்கு"ன்னு ரெண்டாவது வருஷம் நிம்மதியா தூங்கறவங்க இருக்காங்க. இப்பவே பாலிசி பி.டி.எஃப். திறந்து ரெண்டு தேதியையும் பாருங்க, நான் காத்திருக்கேன்.

காப்பீடு இருந்தாலும் வர்ற தொகை ஐ.டி.வி. எனப்படும் அன்றைய மதிப்புதான். ரெண்டு வருஷம் தாண்டி மூணு வருஷத்துக்குள் இருக்கிற காருக்குத் தேய்மானம் 30 சதவீதம். 10 லட்ச ரூபாய் காருக்கு 7 லட்சம். 9 சதவீத வட்டியில் 7 வருஷத்துக்கு 10 லட்சம் லோன் எடுத்திருந்தா, ரெண்டரை வருஷம் கட்டின பிறகும் பாக்கி சுமார் 7 லட்சத்து 10 ஆயிரம். இன்சூரன்ஸ் பணம் முதல்ல பேங்க்குக்குத்தான் போகும். உங்க கையில் காரும் இல்ல, பணமும் இல்ல, கூட பத்தாயிரம் கடன். புது கார் வாங்கறவங்க ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்னு ஒரு ஆட்-ஆன் கேளுங்க, பில் விலையைத் திருப்பித் தரும். டிராக்கருக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி அதைத்தான் நான் எடுப்பேன்.

கிளெய்ம் போகும்போது ரெண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்பாங்க. ஒரு சாவி இல்லன்னா, வண்டியில் விட்டுட்டுப் போனீங்களா, யார்கிட்டயாவது கொடுத்தீங்களான்னு விசாரணை நீளும். அதனால சாவி தொலைஞ்ச அன்னைக்கே போலீஸில் புகார் கொடுத்து, காப்பி வாங்கி வச்சுக்கோங்க.

கடைசியா, ஒரு நாள் காலையில் கீழே இறங்கி வர்றீங்க, கார் இல்ல. டிராக்கர் ஆப்பில் புள்ளி செங்குன்றம் தாண்டி நகர்ந்துக்கிட்டு இருக்கு. நண்பனைக் கூப்பிட்டுக்கிட்டு பைக்கில் துரத்தணும்னு தோணும். போகாதீங்க. அங்க எத்தனை பேர், கையில் என்ன வச்சிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாது. முதல்ல 112-க்கு அடிங்க, லைவ் லொகேஷனை அவங்களுக்குச் சொல்லுங்க. டோ பண்ணிக்கிட்டுப் போனது டிராஃபிக் போலீஸா இருக்கலாம், அதையும் அதே போனில் கேட்டுடலாம். அடுத்து ஸ்டேஷனுக்குப் போய் எஃப்.ஐ.ஆர். "இது எங்க லிமிட் இல்ல"ன்னு சொன்னா, ஸீரோ எஃப்.ஐ.ஆர். பதியச் சொல்லிக் கேளுங்க. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் அதுக்கு நேரடியா இடம் இருக்கு. எஃப்.ஐ.ஆரில் நேரம் ஆகக் கூடாது, அதே நாளில் இன்சூரன்ஸுக்கும் பேங்க்குக்கும் தகவல். எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்து, இன்சூரன்ஸுக்குச் சொல்றது மட்டும் தாமதமானா, அந்தத் தாமதத்தைக் காட்டி உண்மையான கிளெய்மை மறுக்கக் கூடாதுன்னு 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குர்ஷிந்தர் சிங் வழக்கில் சொல்லியிருக்கு. கம்பெனி மறுத்தா அந்தத் தீர்ப்போட பேரைச் சொல்லிக் கேளுங்க.

வேளச்சேரி நண்பரே, உங்களுக்கு என் ஆர்டர்: இந்த வாரம் சாவிகளை மறுபடி பதியறது, ஸ்டியரிங் லாக், பாலிசித் தேதி. அடுத்த மாசச் சம்பளத்தில் கட்-ஆஃப் சுவிட்ச். அதுக்கப்புறம் காசு இருந்தா, உள் பேட்டரி உள்ள 4ஜி டிராக்கர். பிராண்ட் பேர் எதிர்பார்த்தீங்க, தெரியும். மேலே சொன்ன கேள்விகளைக் கடையில் கேளுங்க. பதில் சொல்லத் தெரிஞ்ச கடைக்காரர் கொடுக்கறதை வாங்கிக்கோங்க.